எழுபத்தெட்டு மழைக்கு யார் காரணம்

உர்சுலாவுக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. லூர்து மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கக் கூப்பிட்டால்கூட, தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்பவர். அப்படிப்பட்டவர் 1989 மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சிங்கப்பூரின் தெம்பனிஸ் சமூக மன்றத்தில், நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூமி ஏன் சூடாகிறது என்பது பற்றிப் பட்டிமன்றம். அதற்கும் இந்தம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே வந்திருந்த பெரும்பாலானோருக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் உர்சுலாவின் கணவர் லாசரஸ்.

உர்சுலா ஜாலான் புசாரில் காதர் மைதீன் என்பவருடைய அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தார். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், மளிகைக் கடைக் காலண்டர் எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். லாசரஸ் தெற்கே ஒரு தீவில் இருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஆபரேட்டர். கல்யாணமான வருஷம் சேர்ந்தவர். நல்ல குரல் அவருக்கு. கோயில் பாடகர் குழுவில் அவர் எடுத்துக் கொடுத்தால்தான் பாட்டு சுருதியில் நிற்கும். படகில் ஏறித் தீவுக்குப் போய், கொதிக்கும் எண்ணெயைக் குழாய் குழாயாகப் பிரித்து அனுப்பும் வேலையை அவர் பெருமையாகத்தான் நினைத்தார். சிங்கப்பூர் ஓடுவதே எங்களால்தான் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்.

இரண்டு பிள்ளைகள். மூத்தவன் அலெக்சாண்டர், இளையவள் பிரிஜட். எழுபதுகளில் அவர்கள் ஜாலான் புசாரை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். கீழே முத்துசாமியின் மளிகைக் கடை. கொஞ்சம் நடந்தால் ரோச்சோர் கால்வாய்.

எழுபத்தெட்டு டிசம்பரில் பெய்த மழையைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ராத்திரி ஆரம்பித்து மறுநாளும் விடாமல் கொட்டியது. முத்துசாமி அரிசி மூட்டைகளைத் தூக்கி மாடிப்படியில் அடுக்கினார். பள்ளி விடுமுறை. பதினாலு வயசு அலெக்சாண்டர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். "தண்ணி எதுவரைக்கும் வந்திருக்குன்னு பார்த்துட்டு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினான். யாரும் அவனை அனுப்பவில்லை. யாரும் தடுக்கவுமில்லை. தெருப் பிள்ளைகள் எல்லாரும் அன்றைக்குத் தண்ணீரில்தான் நின்றார்கள்.

தெருவும் கால்வாயும் ஒன்றாகியிருந்தன. எது ரோடு, எது சாக்கடை என்று மேலே இருந்து பார்த்தால் தெரியவில்லை. கூட இருந்த பையன்கள் சொன்னது ஒன்றுதான்: "நடந்துகிட்டே இருந்தான் ஆன்ட்டி, திடீர்னு காணோம்."

லாசரஸ் அன்று தீவில் இருந்தார். கண்ட்ரோல் ரூமுக்குப் போன் வந்தது. கடல் கொந்தளிப்பில் படகை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் விடிந்துதான் கரைக்கு வர முடிந்தது. அதற்குள் பையனின் உடலைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஆண்டவர் சித்தம் என்றார் கோயில் பங்குச் சாமியார். விதி என்றார் முத்துசாமி. விசாரிக்க வந்த அதிகாரி, இந்த அளவு மழைக்கு இந்த வடிகால் பத்தாது என்றார். உர்சுலா எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "ஏன் இவ்வளவு மழை?" மழைக்கு எதுக்கு ஏன் என்பதுபோலப் பார்த்தார்கள். சில வருஷங்களில் தெம்பனிஸில் உயரமான ஒரு மாடியில் வீடு கிடைத்தது. கால்வாயே கண்ணில் படாத இடமாக வேண்டும் என்று உர்சுலாதான் கேட்டு வாங்கினார். லாசரஸ் வேலைக்குப் போக சிங்கப்பூரின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போக வேண்டியிருந்தது. அவர் முணுமுணுக்காமல் போய் வந்தார்.

எண்பத்தெட்டாம் ஆண்டு நடுவில் அச்சகத்துக்கு ஒரு கட்டுரை வந்தது. காதர் மைதீன் அச்சிட்டு வந்த மாதப் பத்திரிகைக்கு அப்துல் அலீம் என்ற புவியியல் ஆசிரியர் எழுதியது. அமெரிக்காவில் அந்தக் கோடையில் வறட்சி. அதையொட்டி ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் படித்துத் தமிழில் எழுதியிருந்தார். 'பசுமை வீட்டு விளைவு' என்று ஓர் இடத்தில் இருந்தது. உர்சுலா அதன் கீழே கோடு போட்டு வைத்தார். அலீம் வந்தபோது கேட்டார்.

"சார், பச்சை வீடுன்னா என்ன? படிக்கிறவங்க பெயின்ட்டுன்னு நினைப்பாங்க."

அலீம் சிரித்தார். "குளிர் நாட்டுல செடி வளர்க்கிற கண்ணாடி வீடு, அக்கா. உள்ள வந்த சூடு வெளிய போகாது."

"நம்ம ஊர்ல செடிக்கு எதுக்குக் கண்ணாடி வீடு? வெயில்ல கண்ணாடியை ஏத்திவிட்டு நிறுத்தின கார் மாதிரின்னு போடுங்க."

"போட்டுருங்க" என்றார் அலீம்.

பிறகு உர்சுலா அடுத்த பத்திக்குப் போனார். எண்ணெயும் நிலக்கரியும் எரிகிற புகை வானத்தில் சேர்ந்துகொண்டே போகிறது. காற்று சூடானால் அது அதிகம் ஈரத்தைத் தாங்கும். அதனால் சில இடங்களில் மழை முன்னைவிடக் கொட்டித் தீர்க்கும். சில இடங்களில் பெய்யவே பெய்யாது. கடல் மட்டம் ஏறும். உர்சுலா அந்த வரிகளைத் திருத்துவதற்காகப் படிக்க ஆரம்பித்து, திருத்துவதை மறந்து படித்தார். பத்து வருஷமாகக் கேட்ட கேள்விக்கு முதல்முறையாக ஒருவர் பதில் எழுதியிருப்பதாக அவருக்குப் பட்டது.

அன்று சாயங்காலம் லாசரஸ் சாப்பிட உட்கார்ந்தபோது, அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினார்.

"சரி, அதுக்கு?" என்றார் லாசரஸ்.

"எண்ணெய் எரியிற புகைன்னு போட்டிருக்குங்க."

"கேட்டுச்சு."

"அதனாலதான் மழை அப்படிப் பெய்யுதாம்."

லாசரஸ் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "இந்த ஃபேன் எதுல ஓடுது? பவர் ஸ்டேஷன்ல எரிக்கிறது எங்க எண்ணெய்தான். இந்த அரிசி கப்பல்ல வந்துச்சு. கப்பல் எதுல ஓடுது? பாப்பா யூனிவர்சிட்டில படிக்கிறாளே, அது யார் சம்பளம்? எல்லாத்தையும் நிறுத்திட்டு இருட்டுல உட்காரலாமா?"

"நான் உங்களைச் சொல்லல."

"வேற யாரைச் சொல்ற? இந்த வீட்ல எண்ணெய் காய்ச்சுறவன் வேற யாரு இருக்கா?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இந்தப் பேச்சு ஓயவே இல்லை. உர்சுலா நூலகத்துக்குப் போய்க் கிடைத்ததையெல்லாம் படித்தார். ஆங்கிலத்தில் புரியாததைப் பிரிஜட்டிடம் கேட்டார். அவள் கெமிக்கல் எஞ்சினியரிங் கடைசி வருஷம். "அம்மா, சயின்டிஸ்ட்ஸே இன்னும் ஆர்க்யூ பண்ணிக்கிட்டு இருக்காங்க லா. சூரியனால வருதுன்னு சிலர் சொல்றாங்க, வால்கேனோன்னு சிலர். யு கான்ட் ஜஸ்ட் பிளேம் அப்பா" என்பாள். உர்சுலா, நான் பிளேம் பண்ணலையே என்பார். ஆனால் லாசரஸின் வேலைச் சட்டையை அவர் மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைப்பதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் ஷிப்ட் முடிந்து வருகிறவரின் தோளில் அடிக்கும் எண்ணெய் வாசனையை அவர் கவனித்ததுகூட இல்லை. இப்போது அது கதவைத் திறக்கும் முன்பே தெரிந்தது.

லாசரஸ் துவைக்காத சட்டையைத் தானே எடுத்துத் துவைத்துக்கொண்டார்.

ஆலையில் உயரமான ஒரு குழாயின் உச்சியில் எப்போதும் நெருப்பு எரியும். மிஞ்சிய வாயுவை அப்படி எரித்துத்தான் தீர்ப்பார்கள். அலெக்சாண்டர் சின்னவனாக இருக்கும்போது படகுத்துறைக்குக் கூட்டிப்போய்த் தூரத்தில் தெரியும் அந்தச் சுடரைக் காட்டியிருக்கிறார். 'அப்பாவோட மெழுகுவர்த்தி' என்று பையன் அதற்குப் பெயர் வைத்தான். தினமும் அதன் கீழேதான் லாசரஸ் வேலை பார்த்தார். மனைவி படித்துக் காட்டிய பிறகு அவர் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. உடன் வேலை பார்த்தவர்கள் பின்னால் சொன்னது.

அடுத்த வருஷம் தெம்பனிஸ் சமூக மன்றத்தில் பட்டிமன்றம் ஏற்பாடு செய்தார்கள். 'பூமி சூடாவதற்குப் பெரிதும் காரணம் மனிதனின் பேராசையா, இயற்கையின் போக்கா?' அலீம்தான் உர்சுலாவின் பெயரைக் கொடுத்தார். சொல்லிவிட்டு இன்னொன்றையும் சங்கடத்தோடு சொன்னார்.

"அக்கா, நீங்க மனுஷன் பக்கம். நான் இயற்கை பக்கம்."

"நீங்கதானே சார் மனுஷன்னு எழுதினீங்க?"

"எழுதினேன். ஆனா அந்தப் பக்கம் பேச ஆள் கிடைக்கல. பட்டிமன்றம்தானேக்கா. நம்புறது ஒண்ணு, பேசுறது ஒண்ணு."

வீட்டில் சொன்னபோது லாசரஸ் ஒன்றே ஒன்றைக் கேட்டார். "நம்ம அலெக்சாண்டரப் பத்திப் பேசுவியா?"

உர்சுலா தான் எழுதத் தொடங்கியிருந்த தாளைப் பார்த்தார். அவருக்கே தெரியவில்லை.

அன்று கூட்டம் சிரிக்க வந்திருந்தது. இயற்கை அணியில் முதலில் பேசியவர், பூமிக்கு லேசாகக் காய்ச்சல், இரண்டு பனடோல் கொடுத்துப் படுக்க வைத்தால் சரியாகிவிடும் என்று ஆரம்பித்தார். வீட்டுக்காரி திட்டுகிற சூட்டில்தான் துருவப் பனி உருகுகிறது என்றார் இன்னொருவர். மண்டபம் குலுங்கியது. அப்போதுதான் உர்சுலாவை அழைத்தார்கள்.

எழுதி வைத்த தாளை மடித்து வைத்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார். வானத்தில் சேரும் புகையைப் பற்றிச் சொன்னார். காற்றில் ஈரம் கூடுவதைச் சொன்னார். பிறகு குரல் மாறியது.

"எழுபத்தெட்டு மழை உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். என் மகன் அலெக்சாண்டர் அந்த மழையில போனான். ஏன்னு கேட்டேன். விதின்னாங்க, ஆண்டவர் சித்தம்னாங்க. ஆண்டவர் எதுக்குய்யா பதினாலு வயசுப் பிள்ளையைச் சாக்கடையில தள்ளணும்? நாம எரிச்ச எண்ணெய்தான் மேல போய் மழையாக் கொட்டுச்சு. அந்தப் புகைதான் என் பிள்ளையைக் கொன்னுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. கைதட்டவுமில்லை. ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து அலீம் பேச வேண்டும். அவர் கையில் இருந்த நகைச்சுவையெல்லாம் அந்த நேரத்துக்கு உதவாமல் போயிற்று. மறுக்காமல் விட்டிருக்கலாம். ஒரு தாயிடம் போய் என்ன வாதம் என்று உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் புவியியல் வாத்தியார். தெரியாததை உண்மை என்று விட அவருக்கு வரவில்லை.

"அக்கா சொன்ன துயரத்துக்கு என்கிட்ட பதில் இல்ல" என்றார் மெதுவாக. "ஆனா ஒண்ணு சொல்லியாகணும். அம்பத்து நாலுலயும் இங்க பெரிய வெள்ளம் வந்திருக்கு. வடகிழக்குப் பருவக் காற்று எத்தனையோ காலமா இப்படி அடிச்சுப் பெய்ஞ்சிருக்கு. ஏதோ ஒரு மழையை எடுத்து, இது புகையால வந்துச்சுன்னு இன்னைக்கு உலகத்துல யாராலயும் சொல்ல முடியாது. எழுபத்தெட்டு மழை புகை இல்லாட்டியும் பெய்ஞ்சிருக்கலாம். பெய்யாமலும் போயிருக்கலாம். தெரியாது. நமக்குத் தெரியாது."

நடுவர் கடைசியில் மனிதனே காரணம் என்று தீர்ப்புச் சொன்னார். உர்சுலாவின் அணிக்குப் பலத்த கைதட்டல். பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அலீமையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்ற அந்த வார்த்தைக்கு மேல் அவர் காதில் எதுவும் விழவில்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் லாசரஸும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. பொன்னாடை உர்சுலாவின் மடியில் பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது.

"நீங்க வர மாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார் உர்சுலா.

"வந்தேன்." கொஞ்சம் கழித்து லாசரஸ் சொன்னார்: "அன்னைக்குத் தீவுக்குப் போன் வந்தப்ப என் கை வால்வு மேல இருந்துச்சு. போனை வச்சுட்டு அந்த வால்வைத் திருகி முடிச்சுட்டுத்தான் உட்கார்ந்தேன். பாதியில விட்டா பிரஷர் ஏறிடும். மகனைத் தண்ணி கொண்டுபோயிடுச்சுன்னு தெரிஞ்சும் எண்ணெயைத்தான் முதல்ல பார்த்தேன்."

உர்சுலா திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இதை அவர் கேள்விப்பட்டதில்லை.

"நீ மேடையில சொன்னது சரின்னா நான்தான் அவனைக் கொன்னேன். அந்த வாத்தியார் சொன்னது சரின்னா அவனை யாரும் கொல்லல, சும்மா செத்தான். உனக்கு எது வேணும், சொல்லு."

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். உர்சுலாவால் எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. இருவரும் இறங்கி நடந்தார்கள்.

அந்த வாரமே அலீம் அச்சகத்துக்கு வந்தார்.

"என்னை மன்னிக்கணும்கா."

"நீங்க சொன்னது உண்மைதானே சார்?"

"உண்மைதான்."

"அப்ப எதுக்கு மன்னிப்பு?" உர்சுலா கையில் இருந்த தாளைக் கீழே வைத்தார். "நடந்ததுக்குத்தான் காரணம் தெரியாது. இனிமே நடக்கப் போறது?"

"அதுல எனக்குச் சந்தேகம் குறைவு. அம்பது வருஷம், நூறு வருஷம், சூடு ஏறத்தான் போகுது. மழையும் கடலும் மாறத்தான் போகுது."

"நிறுத்துவாங்களா?"

அலீம் மேசையில் கிடந்த தாள்களை எடுத்து அடுக்கினார். "சம்சுன்னிசாவுக்கு முட்டி வலி, அக்கா. பஸ் ஏற முடியல. போன மாசம் நானே கார் எடுத்துட்டேன்" என்றார். சம்சுன்னிசா அவர் மனைவி.

உர்சுலாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எண்ணெய் காய்ச்சுகிறவர், கார் எடுக்கிறவர், ஃபேன் போட்டுத் தூங்குகிற தான், இவர்களில் யாரைப் பிடித்து உலுக்குவது? செத்தவனுக்குக் காரணம் கிடையாது. இனிச் சாகப் போகிறவர்களுக்குக் காரணம் நன்றாகத் தெரியும். தெரிந்து ஒன்றும் ஆகப் போவதில்லை. அன்றைக்கு அவர் வேலையை முடிக்காமல் வீட்டுக்குப் போனார்.

ஜூன் மாதம் பிரிஜட்டுக்கு வேலை கிடைத்தது. இன்னொரு தீவில் புதிதாக வந்திருந்த பெட்ரோகெமிக்கல் ஆலையில் எஞ்சினியர். சந்தோஷமாக ஓடிவந்து சொன்னவள், இரண்டு பேர் முகத்தையும் பார்த்து நின்றுவிட்டாள்.

வேண்டாம் என்றது லாசரஸ்தான்.

"வேற இடத்துல பாரும்மா. ஸ்கூல்ல டீச்சராப் போ. இது வேணாம்."

"அப்பா, நாலு வருஷம் இதைத்தானே படிச்சேன். கெமிக்கல் படிச்சவளுக்கு இங்க வேற எங்க லா வேலை? நீங்களே அங்கதானே இருக்கீங்க?"

"அதனாலதான் சொல்றேன். அம்மா சொன்னது சரியா இருந்தா?"

"பட்டிமன்றத்துல அந்த டீச்சரே தெரியாதுன்னு சொன்னாராமே."

லாசரஸ் மனைவியைப் பார்த்தார். உர்சுலா அந்தப் பார்வையைப் புரிந்துகொண்டார். போகாதே என்று தான் சொன்னால், அது பிரிஜட்டுக்குச் சொன்னதாக இருக்காது. பஸ்ஸில் அவர் கேட்ட கேள்விக்கு, நீங்கள்தான் கொன்றீர்கள் என்ற பதிலாக இருக்கும்.

"போகட்டும்" என்றார்.

நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் லாசரஸின் முகம் தெளியவில்லை. தன்னைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மகளையும் சேர்த்துக் கைகழுவிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார். அப்படி இல்லை என்று சொல்ல உர்சுலா வாயெடுத்தார். எதைச் சொன்னாலும் இன்னொரு பட்டிமன்றம் ஆகிவிடும் என்று தோன்றியது. எழுந்து சமையலறைக்குப் போனார்.

பிரிஜட் வேலைக்குப் போனாள். அப்பாவும் மகளும் விடியற்காலையில் ஒரே பஸ்ஸில் மேற்கே போவார்கள். சில நாள் அவள் தீவில் நடந்ததை உற்சாகமாகச் சொல்வாள். லாசரஸ் தலையாட்டுவார். பாடகர் குழுவில் இருந்து அவர் விலகிக்கொண்டார். கேட்டவர்களிடம் குரல் போய்விட்டது என்றார். வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்ட நாட்கள் எவ்வளவோ தேவலை என்று உர்சுலாவுக்கு இருந்தது.

அந்த வருஷம் நவம்பரில் காதர் மைதீன் அச்சகத்தில் ஏர்கான் மாட்டினார். வெயில் தாங்க முடியவில்லை, காகிதம் சுருண்டுகொள்கிறது என்றார். உர்சுலா குளிருக்கு முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு வேலை பார்த்தார். டிசம்பருக்கு அலெக்சாண்டரின் நினைவஞ்சலியைப் பேப்பருக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் வாசகத்தை அவர்தான் எழுதுவார். 'ஆண்டவர் அழைத்துக்கொண்ட எங்கள் அன்பு மகன்' என்பது வழக்கமான முதல் வரி. இந்த முறை பேனா 'ஆண்டவர் அழைத்துக்கொண்ட' என்ற இடத்தில் நின்றது. அடித்துவிட்டு வேறு எழுதப் பார்த்தார். எழுத ஒன்றும் இல்லை.

வீட்டில் லாசரஸிடம் காட்டினார். "முதல் வரிக்கு என்ன போடட்டும்?"

லாசரஸ் தாளை வாங்கவில்லை.

"போன வருஷம் போட்டதையே போடு" என்றார்.

உர்சுலா அதையே போட்டார்.